ஏடிசி இன்புட் வகைகள்: டிரைவர் எழுதுபவருக்கு எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

ஏடிசி சிப் ஒன்றின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பேட்டை, திறந்தால் முதல் பக்கத்திலேயே சிங்கிள்-எண்டட், டிஃபரன்ஷியல், சூடோ-டிஃபரன்ஷியல், யூனிபோலார், பைபோலார் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். போர்டு வடிவமைத்தவர் அதில் ஒன்றை எடுத்து, "இது டிஃபரன்ஷியல் சேனல்" என்று டிரைவர் எழுதுபவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு சொல்லை நம்பி எழுதிய டிரைவர் உண்மையில் பாதி வோல்டேஜைக் காட்டும்; அல்லது சென்சார் சும்மா கிடக்கும்போது 8 வோல்ட் காட்டும். பழி என்னவோ சிப் மேல்தான் விழும்.

சிப் மேல் தப்பில்லை. மூன்று தனிக் கேள்விகளின் விடைகளை ஒரே சொல்லில் அடைத்ததுதான் தப்பு. எதிலிருந்து அளக்கிறது? விடையில் மைனஸ் வருமா? இன்புட் முனை எவ்வளவு வோல்டேஜ் தாங்கும்? ஒன்றின் விடையை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

தொடங்கும் முன் இரண்டு சொற்கள். ஏடிசி என்பது வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப். டிரைவர் என்பது அந்த எண்ணைச் சிப்பிலிருந்து வாங்கி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் புரியும் அளவாக மாற்றித் தரும் மென்பொருள்.

## தெப்பத்தில் இரண்டு கொடிகள்

படித்துறை உள்ள ஒரு குளம். நீரில் ஒரு தெப்பம். தெப்பத்தின் மேல் இரண்டு கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. கொடிகளை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம்.

முதல் கொடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால், "எங்கிருந்து?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். குளத்தின் தரையிலிருந்து அளக்கலாம். நகராத ஒரு படியிலிருந்து அளக்கலாம். இரண்டாவது கொடியிலிருந்தும் அளக்கலாம். குளத்தில் நீர் ஓர் அடி ஏறினால் முதல் இரண்டு அளவுகளும் ஓர் அடி கூடும். மூன்றாவது அளவு அப்படியே இருக்கும், ஏனென்றால் இரண்டு கொடிகளும் சேர்ந்தே ஏறின.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் கொடி இரண்டாவதைவிட இரண்டு அடி கீழே இருந்தால் அளவு "மைனஸ் இரண்டு". அதற்காக முதல் கொடி தரைக்குள் புதைந்துவிடவில்லை. இரண்டு கொடிகளும் நீருக்கு மேல்தான் பறக்கின்றன. ஏடிசி விஷயத்தில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

குளத்தின் தரைதான் கிரவுண்ட். படி என்பது மாறாத ஒரு வோல்டேஜ். இரண்டாவது கொடி ஏடிசியின் மைனஸ் இன்புட். நீர்மட்டத்துக்கு ஈடானது காமன்-மோட் வோல்டேஜ்: இரண்டு முனைகளிலும் பொதுவாக இருப்பது, அதாவது இரண்டின் சராசரி.

## கேள்வி 1: எதிலிருந்து அளக்கிறது?

கிரவுண்டிலிருந்து அளப்பது சிங்கிள்-எண்டட். ஒரு சேனலுக்கு, அதாவது சிப் தனியாக அளந்து தரும் ஒரு வழிக்கு, ஒரே முனை. எல்எம்35 வெப்பநிலை சென்சார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். சென்சார் போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்வரை சிக்கல் இல்லை. நீள வயரில் தொங்கவிட்டு, அதே கிரவுண்ட் வயர் வழியாக ஒரு சிறு மோட்டாரின் 0.5 ஆம்பியரும் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயரின் ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.1 ஓம் என்றாலும் 50 மில்லிவோல்ட் அதிலேயே விழும். அறை 31 டிகிரியில் இருக்க, திரை 36 காட்டும். மோட்டார் நின்றதும் 31-க்கு வந்துவிடும். இதை மென்பொருள் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

இந்த 50 மில்லிவோல்ட்டைக் கழிக்க, ஏடிசியின் இன்னொரு முனையைச் சென்சாரின் கிரவுண்ட் கால் இருக்கும் இடத்திலேயே தொடவைக்கலாம். சிப் இரண்டையும் கழித்துத் தரும். இதுதான் சூடோ-டிஃபரன்ஷியல். "சூடோ" என்ற அடைமொழி ஏன்? மைனஸ் முனை ஒரு சிக்னலைச் சுமப்பதில்லை. ஒரே இடத்தில் நிற்கிறது, அல்லது கொஞ்சம்தான் அசைகிறது. ராஸ்பெர்ரி பையோடு பலரும் சேர்க்கும் எம்சிபி3008-இன் ஜோடி இன்புட்டுகள் இந்த வகை. அதன் மைனஸ் முனை கிரவுண்டுக்கு மேலும் கீழும் 100 மில்லிவோல்ட் வரைதான் போகலாம்.

இங்கே ஓர் எரிச்சல். இதே பெயரை வேறொரு அமைப்புக்கும் வைத்துவிட்டார்கள். சில சிப்புகளில் பல இன்புட்டுகளுக்கும் சேர்த்து ஒரே பொது மைனஸ் முனை இருக்கும். ஏடி7192-இல் அதன் பெயர் ஏஇன்காம். அதைக் கிரவுண்டோடு சேர்க்கலாம், 2.5 வோல்ட்டிலும் நிறுத்தலாம். இது குளத்துப் படி. ஆக, சூடோ-டிஃபரன்ஷியல் என்று எழுதினால் மட்டும் போதாது. மைனஸ் முனை எங்கே நிற்கிறது, எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது வகை டிஃபரன்ஷியல்: இரண்டு முனைகளும் சிக்னலைச் சுமக்கும், இரண்டும் அசையும். எடை இயந்திரத்தின் லோட்செல்லைப் பாருங்கள். உள்ளே நான்கு ரெசிஸ்டர்கள் கொண்ட பாலம். 1 வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்ற வகை லோட்செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு எடை ஏற்றினாலும் இரண்டு வெளிமுனைகளுக்கும் இடையே வருவது 10 மில்லிவோல்ட்தான். ஒரு முனை 2.5-லிருந்து 2.505 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 2.495-க்கு இறங்கும். 10 பிட் ஏடிசியில் (0 முதல் 1023 வரை எண் தருவது) 5 வோல்ட் ரெஃபரன்ஸ் வைத்து ஒரு முனையை மட்டும் சிங்கிள்-எண்டடாக அளந்தால், ஒரு கவுண்ட் ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். முழு எடைக்கும் எண் ஒரே ஒரு படி நகரும். (ரெஃபரன்ஸ் என்பது ஏடிசி தன் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் வோல்டேஜ். கவுண்ட் என்பது அந்த அளவுகோலின் ஒரு கோடு.) எச்எக்ஸ்711 போன்ற சிப்புகள் முதலில் 2.5 வோல்ட்டைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் 10 மில்லிவோல்ட்டை மட்டும் 128 மடங்கு பெருக்கி அளக்கின்றன.

இதுவரை பார்த்தது: கிரவுண்டிலிருந்து என்றால் சிங்கிள்-எண்டட், நிலையாக நிற்கும் ஓர் இடத்திலிருந்து என்றால் சூடோ, அசையும் இன்னொரு சிக்னலிலிருந்து என்றால் டிஃபரன்ஷியல். மைனஸ் பற்றி இன்னும் ஒன்றுமே பேசவில்லை.

## கேள்வி 2: விடையில் மைனஸ் வருமா?

பூஜ்யத்தில் தொடங்கி மேலே மட்டும் போகும் அளவுகோல் யூனிபோலார். பூஜ்யம் நடுவில் இருந்து இரு பக்கமும் போவது பைபோலார். அவ்வளவுதான்.

பலரும் டிஃபரன்ஷியல் என்றாலே பைபோலார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எம்சிபி3008-இன் ஜோடியில் பிளஸ் முனை மைனஸ் முனையைவிடக் கீழே போனால் சிப் பூஜ்யத்தைத் தந்துவிட்டு நின்றுவிடும். கழித்தல் நடக்கிறது, மைனஸ் கிடையாது. லினக்ஸில் இந்தக் குடும்பத்துக்கான டிரைவர் 0-ஆம் முனையிலிருந்து 1-ஆம் முனையைக் கழிப்பது, 1-லிருந்து 0-ஐக் கழிப்பது என்று இரண்டு சேனல்களாகத் தருவதற்கு இதுவே காரணம். எந்தப் பக்கம் உயரமோ அந்தச் சேனலைப் படிக்க வேண்டும்.

சிங்கிள்-எண்டட் என்றால் யூனிபோலார் என்பதும் தவறு. ஏடி7606-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 8 சேனல், 16 பிட். கிரவுண்டைவிட 10 வோல்ட் மேலேயும் 10 வோல்ட் கீழேயும் அளக்கும். சப்ளை என்னவோ ஒற்றை 5 வோல்ட்தான். முனையில் நிஜமாகவே மைனஸ் வோல்டேஜ் வரலாம். அதற்கேற்ற சுற்றை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

## கேள்வி 3: முனை எவ்வளவு தாங்கும்?

இதைத் தவறாக எழுதினால் எண் மட்டும் கெடாது, சிப்பே போய்விடலாம்.

ஏடிஎஸ்1115-இன் டேட்டாஷீட்டில் ±6.144 வோல்ட் என்று ஓர் எல்லை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மைனஸ் 6 வோல்ட்டைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அந்த எண் அளவுகோலின் நீளம், முனையின் தாங்குதிறன் இல்லை. எந்த முனையும் கிரவுண்டுக்குக் கீழே 0.3 வோல்ட்டைத் தாண்டி இறங்கக் கூடாது. சப்ளைக்கு மேலே 0.3 வோல்ட்டைத் தாண்டி ஏறவும் கூடாது. 3.3 வோல்ட் சப்ளையில் உச்சம் 3.6 வோல்ட். 6.144 எல்லையைத் தேர்ந்தெடுத்தால் அளவுகோலில் 3.6-க்கு மேலுள்ள பகுதி வெறுமனே கிடக்கும். அந்த சிப் பைபோலார்தான், ஆனால் தெப்பத்துக் கொடிபோல: வித்தியாசம் மைனஸ் ஆகலாம், கொடி தரைக்குள் போகக் கூடாது.

காமன்-மோட் எல்லை வேறு. எச்எக்ஸ்711-இல் இரண்டு இன்புட்டுகளும் கிரவுண்டைவிடக் குறைந்தது 1.2 வோல்ட் மேலேயும், அனலாக் சப்ளையைவிட 1.3 வோல்ட் கீழேயும் இருக்க வேண்டும். 5 வோல்ட் சப்ளை என்றால் 1.2 முதல் 3.7 வரை. லோட்செல்லின் 2.5 வோல்ட் அதற்கு நடுவே சுகமாக உட்கார்ந்துகொள்ளும். வேறொரு சென்சாரை இணைப்பதற்காக மைனஸ் முனையைக் கிரவுண்டில் தட்டி, "சிங்கிள்-எண்டடாக ஆக்கிவிட்டேன்" என்பார் ஒருவர். எண் வரும். அது அர்த்தமில்லாத எண்.

வேகமான சில ஏடிசிகளில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: ஒரு முனை ஏறும் அளவுக்கு மற்றது இறங்கியே தீர வேண்டும், இரண்டின் சராசரி ரெஃபரன்ஸின் பாதியைச் சுற்றியே நிற்க வேண்டும். இதை முழு-டிஃபரன்ஷியல் என்பார்கள்.

சுருக்கமாக: அளக்கும் எல்லை, ஒவ்வொரு முனையும் தாங்கும் எல்லை, காமன்-மோட் எல்லை மூன்றும் வேறு வேறு எண்கள். டேட்டாஷீட்டில் வேறு வேறு பக்கங்களில் இருக்கும்.

## சிப் தரும் எண்

யூனிபோலார் சிப்புகள் பெரும்பாலும் நேரடி பைனரியில் தரும்: 16 பிட் என்றால் 0 முதல் 65535 வரை. பைபோலார் சிப்புகளில் இரண்டு வழக்கங்கள். டூஸ்-காம்ப்ளிமென்ட் முறையில் மேல் பிட் 1 என்றால் மைனஸ்; எல்லை −32768 முதல் 32767 வரை. ஆஃப்செட் பைனரியில் 0 தான் அடிமட்டம், நடுப்புள்ளி 32768. அதைக் கழித்தால்தான் உண்மை எண்.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்த 8 வோல்ட். ஏடிஎஸ்1115, எல்லை ±4.096 வோல்ட், ஒரு கவுண்ட் 0.125 மில்லிவோல்ட். சிங்கிள்-எண்டட் சேனல், சென்சார் கிரவுண்டில் கிடக்கிறது. சிப்புக்குள் இருக்கும் சிறு பிழையால் விடை −3 கவுண்ட் என்று வருகிறது, அதாவது −0.375 மில்லிவோல்ட். சாதாரண விஷயம். டிரைவர் எழுதியவரோ, "சிங்கிள்-எண்டடில் மைனஸ் ஏது?" என்று குறியில்லாத 16 பிட் மாறியில் வாங்குகிறார். −3 அங்கே 65533 ஆகிவிடும். 0.125-ஆல் பெருக்கினால் 8191.6 மில்லிவோல்ட். 3.3 வோல்ட் போர்டில் 8.19 வோல்ட்! அந்த சிப் சிங்கிள்-எண்டடிலும் டூஸ்-காம்ப்ளிமென்ட்தான் தரும். மேல்பாதியை மட்டும் பயன்படுத்துவதால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 15 பிட்.

பாதி அளவு காட்டும் பிழை வேறு வகை. ரெஃபரன்ஸ் 5 வோல்ட். எல்லை மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. அளவுகோலின் முழு நீளம் 10 வோல்ட். 16 பிட்டில் ஒரு கவுண்ட் 152.6 மைக்ரோவோல்ட். ரெஃபரன்ஸை நேராக 65536-ஆல் வகுத்தால் 76.3 என்று வரும், எல்லா அளவும் பாதியாகிவிடும்.

## லினக்ஸில் எழுதும்போது

லினக்ஸ் கெர்னலில் ஏடிசிகளைக் கவனிக்கும் பகுதி இண்டஸ்ட்ரியல் ஐ-ஓ, சுருக்கமாக ஐஐஓ. போர்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் கோப்பு டிவைஸ்ட்ரீ. பெயர்கள் அங்கே ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன்.

ஒவ்வொரு சேனலுக்கும் டிவைஸ்ட்ரீயில் ஒரு குறிப்பு. சிங்கிள்-எண்டட் என்றால் பொதுவாக "ரெக்" என்ற எண்ணே முனையைச் சொல்லிவிடும். டிஃபரன்ஷியல் என்றால் "டிஃப்-சேனல்ஸ்" என்பதில் இரண்டு எண்கள்: பிளஸ் முனை முதலில், மைனஸ் அடுத்து. சூடோ என்றால் "சிங்கிள்-சேனல்", தேவைப்பட்டால் "காமன்-மோட்-சேனல்". மைனஸ் வருமா என்பதற்குத் தனியாக "பைபோலார்" என்ற அடையாளச் சொல். அது இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. கேள்வி 1-ம் கேள்வி 2-ம் தனித்தனி வரிகளில் இருப்பதைப் பாருங்கள். ஏடிஎஸ்1115 இந்தப் பொது வழக்கத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அதன் "ரெக்" எண் 0 முதல் 3 வரை ஜோடிகளையும், 4 முதல் 7 வரை தனி முனைகளையும் குறிக்கும். ஏஐஎன்0 என்ற முதல் இன்புட் முனையைத் தனியாகப் படிக்க நினைத்து 0 போட்டால், ஏஐஎன்0-லிருந்து ஏஐஎன்1-ஐக் கழித்த விடைதான் வரும்.

பயன்படுத்துபவருக்குத் தெரிவது கோப்புகள். தனி முனைக்கு "இன்_வோல்டேஜ்0_ரா", ஜோடிக்கு "இன்_வோல்டேஜ்0-வோல்டேஜ்1_ரா". ரா என்பது கவுண்ட். மில்லிவோல்ட் வேண்டுமானால் ராவோடு ஆஃப்செட்டைக் கூட்டி, பிறகு ஸ்கேலால் (ஒரு கவுண்டுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்ற எண்) பெருக்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் கூட்டல். ஆகவே ஆஃப்செட்டும் மில்லிவோல்ட்டில் இல்லை, கவுண்டில்தான் இருக்கும்.

சூடோ சேனல் இங்கேதான் ருசிக்கிறது. அது தனி முனைபோலவே பெயரிடப்படும். மைனஸ் முனை நிற்கும் வோல்டேஜை டிரைவர் ஆஃப்செட்டாகத் தரும். ஒரு 16 பிட் பைபோலார் சிப், எல்லை ±4.096 வோல்ட், ஸ்கேல் 0.125, பொது மைனஸ் முனை 2.048 வோல்ட்டில் நிற்கிறது. ஆஃப்செட் 2048-ஐ 0.125-ஆல் வகுத்தால் 16384. ரா −4000 என்று வந்தால், 16384-ஐக் கூட்டி 12384, பெருக்கினால் 1548 மில்லிவோல்ட். சரிபார்க்கலாம்: −4000 கவுண்ட் என்பது −500 மில்லிவோல்ட், 2048-லிருந்து 500 போனால் 1548. இதே சிப் ஆஃப்செட் பைனரியில் தந்தால் நடுப்புள்ளி 32768-ஐயும் கழிக்க வேண்டும், ஆஃப்செட் −16384 ஆகிவிடும். இரண்டில் ஒன்றை மறப்பது அடிக்கடி நடப்பது.

பொது முனையின் வோல்டேஜ் டிரைவருக்கு எங்கிருந்து தெரியும்? டிவைஸ்ட்ரீயில் அதை ஒரு சப்ளையாகக் குறிக்க வேண்டும்; ஏடி7192-க்கு "ஏஇன்காம்-சப்ளை". அந்த முனையில் நிலையான வோல்டேஜ் இல்லாமல் இன்னொரு சிக்னலே வருகிறது என்றால், சூடோ என்ற பெயரை விட்டுவிட்டு டிஃபரன்ஷியலாகவே குறிப்பதுதான் நேர்மை.

## ஒரு சேனலுக்கான குறிப்பு

ஆவணத்தில் இப்படி இருந்தால் போதும்:

"சேனல் 0. டிஃபரன்ஷியல், பைபோலார். பிளஸ் ஏஐஎன்0, மைனஸ் ஏஐஎன்1. எல்லை ±2.048 வோல்ட், 1 கவுண்ட் 0.0625 மில்லிவோல்ட். 16 பிட், டூஸ்-காம்ப்ளிமென்ட். சப்ளை 3.3 வோல்ட், எந்த முனையும் −0.3-க்குக் கீழும் 3.6-க்கு மேலும் போகக் கூடாது. இணைத்திருப்பது: பாலம், காமன்-மோட் 1.65 வோல்ட்."

ஆறேழு வரிதான். கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். சோதனை செய்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

## ஒரு பேட்டரி செல்லை வைத்துச் சோதனை

மேலே எழுதிய குறிப்பு உண்மையா என்று பார்க்க 1.5 வோல்ட் செல் ஒன்றும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டும் போதும். 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு ரெசிஸ்டர்களையும் தொடராக வையுங்கள், நடுவில் 1.65 வோல்ட் கிடைக்கும். அதை ஏஐஎன்1-இல் கொடுங்கள். முதலில் ஏஐஎன்0-ஐயும் அதே நடுப்புள்ளியில் சேருங்கள்: ரா பூஜ்யத்தையொட்டி வர வேண்டும். பிறகு செல்லின் மைனஸை நடுப்புள்ளியிலும் பிளஸை ஏஐஎன்0-லும் வையுங்கள்: 3.15 வோல்ட் முனையில், ரா ஏறக்குறைய 24000.

இப்போது செல்லைத் திருப்புங்கள். ஏஐஎன்0 0.15 வோல்ட்டில் நிற்கும், கிரவுண்டுக்கு மேல்தான். ரா −24000 வர வேண்டும். 41536 வந்தால் டிரைவர் குறியை விட்டுவிட்டது. பூஜ்யம் வந்தால் சேனல் யூனிபோலாராக அமைக்கப்பட்டிருக்கிறது. 2400 என்று வந்தால் "ரெக்" எண்ணைப் பாருங்கள்: ஏஐஎன்0-ஐக் கிரவுண்டிலிருந்து அளந்துகொண்டிருக்கிறீர்கள்.